கியர்பாக்ஸ் சென்சாரை மாற்றுவதற்கு முன்

ஆட்டோமேட்டிக் கார் ஒன்று திடீரென்று கியர் மாற மறுத்து ஒரே கியரில் உறுமிக்கொண்டு போகிறது; எஞ்சின் விளக்கு எரிகிறது. பட்டறையில் ஸ்கேனரைச் செருகினால் பி0715 என்று காட்டுகிறது. உடனே புதிய வேக சென்சாருக்கு விலை விசாரிக்கத் தொடங்குகிறார்கள். இந்த அவசரத்துக்கு அந்தக் குறியீட்டில் ஆதாரம் இல்லை. கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் வேகத்தைத் தெரிவிக்கும் மின்சுற்றில் கோளாறு என்பதே அது சொல்லும் சேதி. சென்சார், ஒயர்கள், கனெக்டர், தகவலை வாங்கும் கணினிப் பெட்டி எல்லாம் அந்தச் சுற்றில் அடக்கம். சென்சாரின் எதிரே சுழலும் பல்சக்கரம் கெட்டாலும் சந்தேகம் இதே இடத்தில்தான் விழும்.

கணினி எதை வைத்துச் சந்தேகப்படுகிறது? பற்களின் எண்ணிக்கையை வைத்து. 40 பற்கள் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றால் நொடிக்கு 1000 துடிப்புகள் வர வேண்டும். உள்ளே போகும் வேகத்தை வெளியே வரும் வேகத்தால் வகுத்தால் கியர் விகிதம் கிடைக்கும். மெர்சிடிஸ் பென்ஸின் 722.6 என்ற ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கின் ஒரு வகையில் இரண்டாம் கியரின் விகிதம் 2.19. உள்ளே 2190 என்றால் வெளியே 1000 இருக்க வேண்டும். கணக்கு உதைத்தால், ஒன்று உள்ளே கிளட்ச் வழுக்குகிறது, அல்லது வந்த எண்ணே பொய். எது என்று பிரிக்க முடியாதபோது கணினி கியர்பாக்ஸைக் காப்பாற்ற ஒரே கியரில் பூட்டிவிடுகிறது.

கணினி பிரிக்காததை ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக் பெரும்பாலும் பிரித்துவிடலாம். ஸ்கேனரில் வேகத்தை வரைபடமாக ஓடவிட்டால் போதும். 2000 சுற்றில் சுழலும் தண்டு கண் சிமிட்டும் நேரத்தில் பூஜ்யமாகி அடுத்த கணமே 2000-க்குத் திரும்புவதற்கு இயற்பியல் இடம் தராது. அப்படிக் கோடு விழுந்து எழுந்தால் அறுந்தது மின்சாரம்தான். கிளட்ச் வழுக்கினால் கோடு விழாது. எஞ்சின் வேகம் ஏறும், வண்டி அதற்கு ஈடுகொடுக்காது. ஆனால் பூஜ்யத்தைக் கண்டாலே குற்றம் என்று முடிவு கட்டவும் கூடாது. 722.6-இல் இரண்டு வேக சென்சார்கள் உண்டு. அவற்றில் ஒன்று முன்பக்கச் சூரியப் பல்சக்கரத்தைப் பார்க்கிறது. முதல், ஐந்தாம் கியர்களில் அந்தச் சக்கரத்தை ஒரு பிரேக் பிடித்து நிறுத்திவிடுவதால், அங்கே பூஜ்யம் வருவதுதான் சரி.

இதே கியர்பாக்ஸ் இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் இறுகிப்போனால் ஆயில் கசிந்து, ஒயர் இழைகளின் நுண்துளை ஏற்றத்தால் கணினிப் பெட்டி வரை ஏறிவிடும். அந்த நிலையில் சென்சாரை மட்டும் மாற்றினால் காசுக்குக் கேடு. சென்சார்கள் இருக்கும் தகடு உள்ளே இருப்பதால் அதை மாற்றவே ஆயிலை இறக்கி, அடிச்சட்டியைக் கழற்றியாக வேண்டும்.

"பல வண்டிகளில் சென்சார் மலிவு, வெளியிலேயே இருக்கிறது, மாற்றிப் பார்த்தால் என்ன? மாற்றியதும் சரியாகிறதே!" என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறோம். ஊசிகளில் படிந்த துரு அதிலேயே உரசிப் போகும். குணமாக்கியது புதிய பாகமா, அந்த உரசலா? பழைய சென்சாரையே ஒருமுறை கழற்றி மாட்டி ஓட்டிப் பார்த்தால் செலவில்லாமல் விடை கிடைத்துவிடும். அதன் நுனியையும் அப்போதே பார்க்கலாம். உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத்தூள் மீசை போல ஒட்டிக்கொண்டு சமிக்ஞையைக் கெடுக்கும். தூள் அளவுக்கு மீறி இருந்தால் தேய்வது உள்ளே இருக்கும் பாகங்கள். புதிய சென்சாரிலும் அதே மீசை வளரும்.

சென்சாரே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. இரண்டு ஒயர் கொண்ட காந்தச்சுருள் வகையில், குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டர் சரியான ஓம் அளவைக் காட்டும். சூடானதும் மெல்லிய கம்பியின் விரிசல் விலகித் தொடர்பு அறும். காலையில் ஒழுங்காக ஓடி, அரைமணி கழித்து மட்டும் மக்கர் செய்யும் வண்டிகளில் இதைச் சந்தேகிக்கலாம். நன்றாக ஓட்டிச் சூடேறிய நிலையிலேயே அளக்க வேண்டும். அப்போது சுருள் அறுந்ததாக மீட்டர் காட்டினால் தாராளமாக மாற்றலாம். மூன்று ஒயர் கொண்ட ஹால் வகைக்கு இந்த ஓம் சோதனை உதவாது. அதற்கு மின்னழுத்தம் வந்து சேர்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு, சக்கரம் சுழலும்போது சதுரத் துடிப்புகள் எழுகின்றனவா என்று ஆசிலோஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.