சிப்பாயின் வீட்டைக் காப்பது யார்?

வருஷந்தோறும் டிசம்பர் 7-ந் தேதியைக் கொடி நாள் என்று அனுஷ்டிக்கிறோம். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய மூன்று வர்ணங்கள் கொண்ட சிறு கொடியைச் சட்டையில் குத்திக் கொண்டு, உண்டியலில் சில்லறை போடுகிறோம். அவ்வர்ணங்கள் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் குறிப்பவை. உண்டியலில் விழுந்த காசு எங்கே போகிறது என்று விசாரிப்பவர்கள் வெகு சிலரே.

"பட்டாளத்துக்காரருக்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறதே, உண்டியல் எதற்கு ஸார்?" என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. சாலவாக்கம் போன்ற கிராமங்களில் பாடம் சொல்லும் நமக்கு இக்கேள்வி புதிதல்ல. பெரியவர்களும் மனத்துக்குள் கேட்டுக் கொள்ளும் கேள்விதான் இது.

இந்த எண்ணத்துக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. நம் தேசத்துக் காலாட்படைகளில் மிகவும் தொன்மையான மதராஸ் ரெஜிமெண்ட் தன் தொடக்கத்தை 1758-ம் வருஷத்திலிருந்து கணக்கிடுகிறது. அக்காலத்துச் சிப்பாய் சேவகம் செய்தது அன்னியக் கம்பெனிக்கு. 1806-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி வேலூர்க் கோட்டையில் அவன் கிளர்ந்தெழுந்தான். ஆயினும் விடுதலை வரும் வரையில், பட்டாளம் என்பது ஊராருக்குச் சம்பந்தமில்லாத கூலிச் சேவகமாகவே பலருக்குத் தோன்றிற்று. இன்றோ நிலைமை வேறு. எல்லையில் நிற்பவன் நம்முடைய சிப்பாய்; அவனை அங்கே நிறுத்தியிருப்பவர்கள் வோட்டுப் போடும் நாமே.

சுதந்திரம் கிடைத்த சில வருஷங்களிலேயே நம் தலைவர்கள் இதை உணர்ந்தார்கள். 1949-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி பாதுகாப்பு மந்திரியின் கமிட்டி கூடி, கொடி நாள் நடத்துவதென்று தீர்மானித்தது. போரில் கணவனை இழந்தவர்கள், அங்கம் இழந்த வீரர்கள், வறுமையுற்ற முன்னாள் படைவீரர்கள், அவர்களுடைய குழந்தைகள் ஆகியோரின் நலனுக்கே கொடி நாள் நிதி செலவாகிறது. பிள்ளைகளின் படிப்புக்கும் பெண்களின் கலியாணத்துக்கும் உதவி உண்டு. பென்ஷன் இல்லாமல் 65 வயதைத் தாண்டிய எளிய சிப்பாய்களுக்கும் உதவி உண்டு. சேனைக்கு வேண்டியது வாலிபம். ஆகவே மற்ற உத்தியோகஸ்தர்கள் பதவி உயர்வை எதிர்பார்க்கும் வயதிலேயே சிப்பாய் வீடு திரும்பி விடுகிறான். சம்பளம் நின்ற பிறகும் வாழ்க்கை பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது. பிள்ளைகளின் கேள்விக்கு இதுவே பதில்.

படைபலம் என்றால் பீரங்கியும் டாங்கியும்தான் என்று சிலர் நினைக்கலாம். அவை அவசியமே. 1962-ம் வருஷம் சீனப் படையெடுப்பின்போது, போதிய கம்பளி உடுப்பும் நவீனத் துப்பாக்கியும் இல்லாமல் நம் வீரர்கள் பனிமலைகளில் போரிட நேர்ந்தது. அந்தப் பாடத்தைத் தேசம் மறக்கவில்லை. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை ஏற்பட்டு, விஜயந்தா டாங்கிகள் அங்கிருந்து வெளிவந்தன. ஆனால் டாங்கியைச் செலுத்துகிறவன் மனிதன் அல்லவா? ஊரிலுள்ள தாயும் மனைவி மக்களும் நிர்க்கதியாக மாட்டார்கள் என்று அவன் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையும் படைபலத்தில் ஒரு பகுதியே.

2020-ம் வருஷம் ஜூன் 15-ந் தேதி இரவு கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிர் நீத்தனர். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. அவருக்கு வீர சக்ர விருது அளித்துத் தேசம் கௌரவித்தது. விருது பெற்ற வீரனை நாடு அறியும். விருதின்றிக் காலிழந்து திரும்பியவனை அவன் தெரு மட்டுமே அறியும். அந்தத் தெருவில் வசிப்பவர்கள் நாம்.

இனி நம் பொறுப்பு பெருகப் போகிறது. 2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சர்க்கார் அறிவித்த அக்னிபாத் திட்டப்படி, புதிதாகச் சேரும் இளைஞர்கள் 4 வருஷமே சேவை செய்வார்கள். அவர்களில் நூற்றுக்கு 25 பேர் வரையில் நிரந்தரமாக எடுத்துக் கொள்ளப்படுவார்கள். மற்றவர்கள் ஒரு மொத்தத் தொகையோடு, பென்ஷன் இல்லாமல், வாலிபப் பருவத்திலேயே ஊர் திரும்புவார்கள். திட்டத்தின் நன்மை தீமைகளைப் பற்றி அறிஞர்கள் வாதிக்கட்டும். திரும்பி வரும் பிள்ளைக்கு வேலையும் மேற்படிப்பும் கிடைப்பதற்கு ஊர் என்ன செய்யும் என்பதே நம் கேள்வி.

இதற்கு வழி தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் வருஷங்களில் பொறித்த உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களைப் பற்றி உலகமே பேசுகிறது. குடவோலையால் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று சபையார் அமைத்தார்கள். ஏரியை அரசன் வந்து காக்கட்டும் என்று அவர்கள் சும்மா இருந்து விடவில்லை. நம்மைக் காத்தவனுடைய வீட்டைச் சர்க்கார் வந்து காக்கட்டும் என்று நாம் மட்டும் இருந்து விடலாமா?

படித்த குடும்பங்கள் செய்யக் கூடிய உதவி பணம் ஒன்றல்ல. ஜில்லாக்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. ஆனால் எந்த உதவிக்கு எந்த மனு, எந்த அத்தாட்சி என்பது எழுத்து வாசனை குறைந்த ஒரு விதவைத் தாய்க்கு எப்படித் தெரியும்? அவளுக்காக மனு எழுதிக் கொடுங்கள். அலுவலகத்துக்குக் கூடச் சென்று வாருங்கள். பட்டாளத்திலிருந்து திரும்பிய இளைஞனைப் பரீட்சைக்குத் தயார் செய்யுங்கள். உங்கள் ஊரில் சிப்பாய் வீடுகள் எத்தனை என்று இந்த வாரமே எண்ணிப் பாருங்கள். கொடி நாளுக்காகக் காத்திராமல், அவற்றுள் ஒரு வீட்டின் கதவையாவது தட்டுங்கள்.