கடிபடாத இலைக்கு எப்படித் தெரிந்தது?

தக்காளிச் செடியின் கீழ் இலையைப் பூச்சி கடித்த சில மணி நேரத்தில், அதே செடியின் மேல் இலையில் ஒரு புரதம் சேரத் தொடங்குகிறது. மேல் இலையைப் பூச்சி இன்னும் தொடக்கூட இல்லை. இந்தப் புரதம் பூச்சியின் குடலுக்குள் போனதும், உணவைச் செரிக்கும் நொதிகளைப் பிடித்து முடக்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு தின்றாலும் பூச்சியின் உடம்பில் சத்து ஒட்டாது. வளர்ச்சி குன்றும். 1972இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரயனும் அவருடன் பணியாற்றிய கிரீனும், உருளைக்கிழங்கு வண்டை இலைகளில் மேயவிட்டு இதைக் கண்டறிந்தார்கள்.

செடிக்கு மூளை கிடையாது, நரம்பு கிடையாது, சுற்றி ஓடும் இரத்தமும் கிடையாது. அப்படியிருக்க, கீழே பட்ட காயத்தின் செய்தி மேலே போனது எப்படி? இந்தக் கேள்வியை ரயன் பல ஆண்டுகள் விடாமல் துரத்தினார். அவருடைய குழு தக்காளி இலைகளைக் கிலோ கிலோவாக அரைத்து, சாற்றைப் பிரித்துப் பிரித்து வடித்தது. கடைசியில் மைக்ரோகிராம் அளவுக்கு ஒரு பொருள் மிஞ்சியது. 18 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது. 1991இல் சிஸ்டமின் என்று பெயரிட்டு அதை வெளியிட்டார்கள். மனித உடலில் இன்சுலின் போன்ற புரத வகை ஹார்மோன்கள் இருப்பது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே தெரியும். தாவரத்தில் அப்படியொன்று கிடைத்தது அதுவே முதல் முறை.

அதற்கு ஓராண்டு முன்பு, 1990இல், எட்வர்ட் ஃபார்மரும் ரயனும் செய்த சோதனை எனக்கு இன்னும் பிடித்தமானது. மல்லிகை எண்ணெயின் மணத்தில் மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற பொருள் உண்டு. மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் அதன் ஆவி பரவியதுமே, காயம் எதுவும் படாத தக்காளிச் செடி பூச்சியெதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்கியது. அமெரிக்காவின் வறண்ட நிலங்களில் வளரும் ஒரு புதர்ச்செடி இதே பொருளை இலையிலிருந்து வெளிவிடுகிறது. அதன் கிளையைத் தக்காளியோடு ஒரே கலத்தில் வைத்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. தக்காளி விழித்துக்கொண்டது.

இப்போது கைவசம் இரண்டு பொருள்கள்: சிஸ்டமினும், மெத்தில் ஜாஸ்மோனேட்டின் தாய்ப்பொருளான ஜாஸ்மோனிக் அமிலமும். கீழிருந்து மேலே பயணம் போவது இவற்றில் எது? விடை ஒட்டுக்கட்டும் கத்தியிலிருந்து வந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரெக் ஹோவின் குழு இரண்டு வகைத் தக்காளிகளைப் பயன்படுத்தியது. ஒரு வகையால் ஜாஸ்மோனிக் அமிலத்தைத் தயாரிக்க முடியாது, வந்தால் உணர முடியும். இன்னொரு வகை தயாரிக்கும், ஆனால் உணராது. இவற்றை இயல்பான செடிகளோடு மேலும் கீழுமாக மாற்றி மாற்றி ஒட்டுக்கட்டி, கீழ்ப்பகுதி இலையை நசுக்கினார்கள். கீழ்ப்பகுதியால் ஜாஸ்மோனிக் அமிலத்தைத் தயாரிக்க முடிந்து, மேல்பகுதியால் அதை உணரவும் முடிந்தால் மட்டுமே மேலே புரதம் வந்தது. கீழ்ப்பகுதியால் அதை உணர முடியாவிட்டாலும் பாதகமில்லை. ஆக, சிஸ்டமின் காயத்தின் அருகே நின்று உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. தொலைவுக்குப் போவது ஜாஸ்மோனிக் அமிலமோ அதிலிருந்து பிறக்கும் பொருளோதான். 2002இல் வெளிவந்த முடிவு இது. செடிக்குள் மின்துடிப்புகளும் ஓடுகின்றன. வேதிச்செய்தியோடு அவற்றுக்கும் பங்குண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

வறட்சிக்கு வேறொரு ஹார்மோன், அப்சிசிக் அமிலம். இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. மண்ணில் ஈரம் குறைந்ததும் இந்த ஹார்மோன் பெருகி, துளைகளை மூடச் செய்கிறது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காட்ட ஒரு தக்காளியே இருக்கிறது. ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்டுப்பே எக்ஸ் கதிர் பாய்ச்சி உருவாக்கிய வகைகளில் ஒன்று ஃப்ளாக்கா. மண் ஈரமாக இருக்கும்போதே வாடி நிற்கும். இலைத்துளைகள் இருட்டிலும் சரிவர மூடுவதில்லை. இஸ்ரேலில் இம்பரும் டாலும் அதற்கு அப்சிசிக் அமிலத்தைக் கொடுத்தபோது, இயல்பான செடியைப் போல நிமிர்ந்தது. 1970இல் வெளியான ஆய்வு அது.

துளையை மூடினால் நீர் மிஞ்சும். ஆனால் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயுவும் உள்ளே வரவேண்டும். மூடினால் செடி பட்டினி; வெயிலில் இலை சூடேறவும் செய்யும். பூச்சியை எதிர்க்கும் புரதமும் இலவசமாக வருவதில்லை. வளர்ச்சிக்குப் போகவேண்டிய அமினோ அமிலங்களைத்தான் செடி அங்கே திருப்பிவிடுகிறது. ஜாஸ்மோனிக் அமிலம் ஓங்கினால் வளர்ச்சி மட்டுப்படும். ‘ஹார்மோன் அடித்தால் செடிக்குத் தெம்பு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி விற்பதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். எந்த ஹார்மோன், எவ்வளவு, செடியின் எந்தப் பருவத்தில் என்ற மூன்றுக்கும் விடை இல்லாமல் தெளிப்பது, செடி தானே போட்டுவைத்திருக்கும் கணக்கைக் கலைப்பதாகும்.

மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் தேங்கினால் நடப்பது இன்னும் நுட்பமானது. நீரில் மூழ்கிய வேருக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. அந்த நெருக்கடியில் வேர், எத்திலீன் வாயுவுக்கு முந்தைய நிலைப் பொருள் ஒன்றைத் தயாரிக்கிறது. அதை எத்திலீனாக மாற்றும் கடைசிப் படிக்கு ஆக்ஸிஜன் வேண்டும். வேரில் அது இல்லை. எனவே பாதியில் நின்ற அந்தப் பொருள் நீரோட்டத்தோடு தண்டு வழியாக மேலேறுகிறது. இலைக்கு வந்து காற்றைக் கண்டதும் எத்திலீனாகிறது. இலைக்காம்பின் மேற்புற உயிரணுக்கள் அடிப்புறத்தைவிட வேகமாக நீள, இலைகள் கீழ்நோக்கி வளைகின்றன. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் பிராட்ஃபோர்டும் ஷாங் ஃபா யாங்கும் 1980இல் இதை விளக்கினார்கள்.

விவசாயிகள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தொங்கும் இலையைப் பார்த்ததும் தாகம் என்று நினைத்து மறுபடி தண்ணீர் விட்டால், மூச்சுத் திணறும் வேரை மேலும் அமுக்குகிறோம். காம்பைத் தொட்டுப் பார்க்கலாம். துவண்டிருந்தால் அது வாட்டம். விறைப்பாக இருந்தபடியே கீழே வளைந்திருந்தால் எத்திலீனின் வேலை. முதலில் வடிகாலை வெட்டிவிட வேண்டும். அதே எத்திலீன், ஆக்ஸின் என்ற இன்னொரு ஹார்மோனோடு சேர்ந்து தண்டின் அடியில் புது வேர்களையும் விடச் செய்கிறது. தண்ணீர் வடிந்தால் அந்த வேர்கள் கைகொடுக்கும்.

இத்தனை ஏற்பாட்டையும் ஏமாற்றத் தெரிந்த பூச்சி ஒன்று இருக்கிறது. கிருமி தாக்கும்போது செடி எடுக்கும் ஆயுதம் சாலிசிலிக் அமிலம், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. இது ஓங்கினால் ஜாஸ்மோனிக் அமிலத்தின் பாதுகாப்பு ஒடுங்கும். தக்காளிக்கு ஆஸ்பிரினைக் கொடுத்தால் காயத்துக்கான புரதம் வராமல் போவதை, 1988இல் பிரிட்டனில் டயானா பவுல்ஸின் குழு காட்டியது. இலைச்சுருள் நோயைப் பரப்பும் வெள்ளை ஈ இந்த முரணைப் பயன்படுத்திக்கொள்கிறது. அது சாறு உறிஞ்சும்போது, கிருமி வந்துவிட்டது என்று நம்பிச் செடி சாலிசிலிக் அமிலத்தைப் பெருக்குகிறது. பூச்சிக்கான காவல் இறங்கிவிடுகிறது. தாக்கப்பட்ட செடி வெளிவிடும் வாசனையால் பக்கத்துச் செடியும் அதே தவறான ஆயத்தத்தில் இறங்குவதாக 2019இல் சீன, சுவிஸ் ஆய்வாளர்கள் கண்டார்கள். அங்கே போய் அமரும் வெள்ளை ஈயின் குஞ்சுகள் விரைவாக வளர்ந்தன.

நாற்றங்காலை நைலான் வலைக்குள் வளர்க்கச் சொல்வது இந்த ஈக்காகத்தான். வலைக்குள் வளரும் நாற்றை வெள்ளை ஈ நெருங்க முடியாது. செடி மிக இளமையாக இருக்கும்போதே இலைச்சுருள் வைரஸ் தொற்றினால்தான் இழப்பு மிக அதிகம்.