ஹொலிவூட்: கொட்டகையின் சாவி யார் கையில்?

ஹொலிவூட் என்றதும் நடிகர்களும் நெறியாளர்களும்தான் நமக்கு ஞாபகத்துக்கு வருவார்கள். உயர்தர வகுப்பு மாணவர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போது நான் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்குவதுண்டு: படம் காட்டும் கொட்டகை யாருக்குச் சொந்தம்? அமெரிக்கத் திரைப்படத் தொழிலின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

1894இல் நியூயோர்க்கில் எடிசனின் கினெட்டொஸ்கோப் பெட்டிகள் வைத்த கடை திறக்கப்பட்டது. ஒரு பெட்டிக்குள் ஒருவர்தான் குனிந்து பார்க்கலாம். திரையில் படம் காட்டும் முறை வந்த பிறகே சினிமா கூட்டத்துக்குரியதாயிற்று. 1905இல் பிட்ஸ்பர்க் நகரில் 'நிக்கலோடியன்' என்ற கொட்டகை தொடங்கியது. நிக்கல் என்பது ஐந்து சத நாணயம். ஓடியன் என்பது அரங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நுழைவுக் கட்டணம் பெயரிலேயே இருந்தது! தொழிலாளரும், ஆங்கிலம் சரிவரத் தெரியாத குடியேறிகளும் அங்கே கூடினார்கள். மௌனப் படத்துக்குப் பாஷை பெரிய தடையில்லைதானே.

இலாபம் தெரிந்ததும் கட்டுப்பாடு வந்தது. 1908இல் எடிசனும் ஏனைய காப்புரிமைக்காரரும் ஒரு கூட்டுக் கம்பனி அமைத்தார்கள். அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே ஈஸ்ட்மன் கொடக் படச்சுருள் விற்றது. கொட்டகைக்காரர் வாரம் இரண்டு டொலர் கட்ட வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்து துணிக்கடையில் வேலை பார்த்த கார்ல் லெம்லி இதற்கு இணங்கவில்லை. அவர்மீது வழக்குக்கு மேல் வழக்கு. அவரோ 1912இல் யூனிவர்சலை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1915இல் நீதிமன்றம் அந்தக் கூட்டைச் சட்டவிரோதம் என்றது.

எடிசனுக்குப் பயந்து மேற்கே ஓடியவர்களே ஹொலிவூட்டை அமைத்தார்கள் என்றொரு கதை உண்டு. அது பாதிதான் சரி. அந்தக் கூட்டில் இருந்த செலிக்கின் கம்பனியே 1909இல் லொஸ் ஏஞ்சலிஸில் படம் எடுத்தது. வருடத்தில் பெரும்பகுதி வெயில், பக்கத்திலேயே கடல், மலை, பாலைவனம், மலிவான காணி, தொழிற்சங்கம் பலமில்லாத ஊர் என்பதால் குறைந்த கூலி. இவைதான் எல்லாரையும் இழுத்தன.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். ஒரு முற்றுரிமையை எதிர்த்து வளர்ந்தவர்களே இன்னொன்றைக் கட்டினார்கள். பரமவுண்டின் அடோல்ஃப் சூக்கர் படங்களைக் கட்டாக விற்றார். கடைப் பாஷையில் சொன்னால், 'நல்ல அரிசி வேணுமெண்டா இந்தப் புழுத்த பருப்பையும் சேர்த்து எடு.' பெரிய நட்சத்திரத்தின் ஒரு படத்துக்காக, பார்க்காத பல படங்களையும் கொட்டகைக்காரர் எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு ஸ்டூடியோக்கள் கொட்டகைகளையே வாங்கத் தொடங்கின. 1927இல் 'த ஜாஸ் சிங்கர்' வெளியாகி, பேசும் படம் பரவியபோது ஒலிக்கருவி பொருத்தப் பணமில்லாத சிறு கொட்டகைகள் நொடிந்தன.

1945இல் ஐந்து பெரிய ஸ்டூடியோக்களுக்கு நாட்டின் கொட்டகைகளில் சுமார் 17 வீதத்தில்தான் பங்கிருந்தது. சிறிய தொகைதானே என்று தோன்றும். ஆனால் ஒரு இலட்சத்துக்கு மேல் சனத்தொகை கொண்ட 92 நகரங்களில், புதுப்படம் முதலில் ஓடும் கொட்டகைகளில் 70 வீதமாவது அவற்றோடு தொடர்புடையவை. வெளியாள் எடுத்த படம் எவ்வளவு நல்லதாயிருந்தாலும் அந்த வாசலில்தான் நிற்க வேண்டும். 1948இல் உயர்நீதிமன்றம் பரமவுண்ட் வழக்கில் ஸ்டூடியோக்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன்பின் அவை கொட்டகைகளைக் கைவிட்டன. சுயாதீனத் தயாரிப்பாளருக்கு வழி திறந்தது. தொலைக்காட்சியும் வந்து பழைய ஸ்டூடியோ முறையை ஆட்டிவிட்டது.

அந்தக் கட்டுப்பாடுகளை 2020இல் நியூயோர்க் நீதிமன்றமொன்று நீக்கியது. இதற்கிடையில் நெட்பிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் தாமே படம் எடுத்துத் தாமே காட்டத் தொடங்கிவிட்டன. கொட்டகை இப்போது நம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. அதன் முகப்பில் எந்தப் படம் முதலில் தெரிய வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? நம் பிள்ளைகள் படம் பார்க்கும்போது இதையும் கேட்டுப் பழகட்டும்.