சீதை கேட்ட புடவை

பட்டாபிஷேகத்துக்கு எந்தப் புடவை கட்டுவது? இந்த ஒரு கேள்வியை வைத்தே ராமாயணத்தைச் சொல்லிவிட முடியுமா, நேயர்களே? ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த எழுத்தாளர் குமுதினி 1934இல் சொல்லிக் காட்டினார். அயோத்தியிலிருந்து சீதை தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். முதலில், புகுந்த வீட்டுப் பெண்கள் கட்டும் புதுமாதிரிப் புடவை தன்னிடம் இல்லையே என்ற குறை. அப்புறம் பட்டாபிஷேகப் புடவைக் கவலை. கடைசியில், காட்டுக்குப் போக மரவுரி வேண்டுமாம். கைகேயி வரம் கேட்ட காட்சியே வேண்டியிருக்கவில்லை. துணி மாறியதும் நமக்கு நெஞ்சு பதைக்கிறது.

புடவைப் பேச்சு இலக்கியமாகுமா என்று சிலர் கேட்கலாம். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேரும் இடத்தில்தான் நெசவாளியின் கைத்திறன் தெரியும். காஞ்சிபுரத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதிகாசத்தையும் அடுப்படிப் பேச்சையும் குமுதினி அப்படித்தான் சேர்த்தார். பேச்சை இலக்கியமாக்கும் இதே வேலையில், பிரான்சில் நத்தாலி சரோத், சாதாரணப் பேச்சுக்கு அடியில் ஓடும் மன அசைவுகளை எழுதிப் பரிசோதனை எழுத்தாளர் என்று பெயர் பெற்றார். அவருடைய முதல் நூல் 1939இல் வந்தது. சீதையின் கடிதங்கள் அதற்கு முன்பே ஆனந்த விகடன் வாசகர்களின் கைக்கு வந்துவிட்டன.