மலையிறங்கும் முன்...

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறுகையில் 20 கொண்டையூசி வளைவுகளிலும் நமக்குத் துணை எஞ்சின், இறங்குகையிலோ பிரேக். பழைய கார் வைத்திருக்கும் குடும்பத்தார் இதனை மறத்தலாகாது. தொப்பூர்க் கணவாயில் பாரலாரிகள் கட்டுக்கடங்காமல் மோதிய செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம்!

அம்பாசிடரின் பின்சக்கரங்களில் இருந்தது டிரம் பிரேக். பின்னாளில் வந்த சில கார்களில் பின்னாலும் டிஸ்க் உண்டு. அதனை வீட்டிலேயே மாற்ற முற்படுவோர் இடறுமிடம் ஒன்றுண்டு. முன்சக்கரத்திற்குச் செய்வதுபோலவே பின் காலிப்பரின் பிஸ்டனையும் அழுத்தித் தள்ளுவர். கைப்பிரேக்கும் அதே காலிப்பரில் இணைந்த பல கார்களில் பிஸ்டனைத் திருகியே உள்ளே செலுத்த வேண்டும்; வலிந்து தள்ளினால் உள்ளமைப்பு பழுதாகும்.

இப்பணிக்குக் கைப்பிரேக்கைத் தளர்த்தியாக வேண்டும். அப்போது வண்டியை நிறுத்தி வைப்பது எது? முன்சக்கரங்களுக்கு இடும் முட்டுக்கட்டைதான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுவது பேதைமை. உறுதியான ஸ்டாண்டு வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்ததைக் கழித்துவிடுக. பேடுகளை இருபுறமும் ஒருசேர மாற்றுக.

பூட்டியவுடன் வண்டியை எடுக்க வேண்டாம். முதல் மிதியில் பெடல் அடிவரை இறங்கிவிடும்; கெட்டிப்படும்வரை பலமுறை மிதித்த பின்னரே எஞ்சினைக் கிளப்புக.