குர்ஆனின் பொருள்

குர்ஆன் அரபு மொழியில் அருளப்பட்ட இறைவாக்கு என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. அதை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் முக்கியமானவர் மர்மதூக் பிக்தால். லண்டனில் 1875இல் பிறந்த இந்த நாவலாசிரியர், 1917இல் இஸ்லாத்தைத் தழுவினார். 1920இல் பம்பாய் வந்து நாளிதழ் ஆசிரியரானார். பிறகு ஹைதராபாத்தில் பணியாற்றினார். குர்ஆன் மொழிபெயர்ப்பை முடிப்பதற்காக அந்த அரசின் மன்னரான நிஜாம் அவருக்கு முழுச் சம்பளத்துடன் இரண்டு ஆண்டு விடுப்பு அளித்தார். கைப்பிரதியுடன் எகிப்து சென்ற பிக்தால், அங்குள்ள அறிஞர்களோடு அமர்ந்து அதைத் திருத்தினார்.

1930இல் வெளிவந்த நூலுக்கு அவர் வைத்த பெயர், 'மகிமைமிக்க குர்ஆனின் பொருள்' என்பதாகும். மூலத்தின் ஓசையும் உருக்கமும் வேறு மொழிக்கு வாரா, பொருளை மட்டுமே தர முடியும் என்ற அவரது பணிவு 'பொருள்' என்ற அந்த ஒரு சொல்லிலேயே விளங்குகிறது.