எமேர்ஜென்சியில் யாரை முதலில் பார்ப்பார்கள்?

ரூஜ் பக்கம் புதிதாகக் குடிவந்த எம்மவரிடம் ஆஸ்பத்திரி பற்றிக் கேட்டால், "அங்க போனா விடியும்வரை குந்தியிருக்க வேணும்" என்பார்கள். பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் பின்னால் வந்தவரை முன்னால் கூப்பிட்டதும், "நாங்கள் அகதிகள், அதுதான்" என்று நாங்களே முடிவு கட்டிவிடுகிறோம். அந்த வரிசை எப்படி ஓடுகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. நான் டொக்டர் அல்ல, பக்டறித் தொழிலாளி. விசாரித்து அறிந்ததை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கிட்டிய பெரிய ஆஸ்பத்திரி, எல்ஸ்மியர் வீதியில் 1967இல் திறக்கப்பட்ட சென்ரனறி. பழைய ஆட்கள் இன்னமும் 'ரூஜ் வலி' என்பார்கள். (ஆஸ்பத்திரிக்கு வலி என்றே பெயரா என்று பகிடி பண்ணுவோம்.) 2016இல் அந்த நிர்வாகம் கலைந்து, இப்போது அது ஸ்காபரோ ஹெல்த் நெட்வேர்க்கின் ஒரு பகுதி.

உள்ளே போனதும் ஒரு தாதி உங்களிடம் கேள்வி கேட்பார். பதிவு செய்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் இடத்தை முடிவு செய்கிறவர் அவர்தான். 1999 தொடக்கம் கனடாவில் ஐந்து படி முறை ஒன்று இருக்கிறது. முதற்படி என்றால் டொக்டர் உடனே வரவேண்டும். இரண்டாம் படிக்கு 15 நிமிடம், மூன்றாம் படிக்கு 30, நாலாம் படிக்கு 60, ஐந்தாம் படிக்கு 120 நிமிடம். இவை இலக்குகள்தான். சனம் நிறைந்த இரவில் எவ்வளவோ பிந்தும். ஆனால் வந்த நேரமோ, கையில் உள்ள காட்டோ படியைத் தீர்மானிப்பதில்லை. அம்புலன்சில் போனாலும் இதே கணக்குத்தான்.

தாதிக்கு நாங்கள் என்ன சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல். நெஞ்சு நோவை எங்கள் ஆட்கள் 'வாயு' என்பார்கள். பிள்ளை அதைக் 'காஸ்' என்று மொழிபெயர்க்கும். வியர்த்ததையும் இடது கை உளைந்ததையும் அப்பா சொல்லாமலே விட்டுவிடுவார். தெற்காசியருக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது. நீரிழிவு உள்ளவருக்குப் பெரிய நோவே இல்லாமலும் வரலாம். ஆகவே 'வாயு' என்ற சொல்லை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். எங்கே நோகிறது, எத்தனை மணிக்குத் தொடங்கியது, மூச்சு எடுக்க முடிகிறதா, என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் அதைச் சுமத்தாதீர்கள். காத்திருக்கும்போது வருத்தம் கூடினால் எழும்பிப் போய்த் தாதியிடம் திரும்பவும் சொல்லவேண்டும். மரியாதைக்காகப் பேசாமல் இருப்பது எங்கள் சனத்தின் பெரிய பிழை.

உள்ளே இருக்கும் டொக்டர்மாரின் படிப்பும் ஒரு கதை. அவசர மருத்துவம் இங்கே பழைய துறை அல்ல. அவர்களுடைய கனடிய சங்கமே 1978இல்தான் தொடங்கியது. இன்று குடும்ப வைத்தியராகப் பயின்றவர் மேலதிகமாக ஒரு வருடம் பயில்கிறார், அல்லது றோயல் கல்லூரியின் வழியில் ஐந்து வருடம். அதற்குப் பிறகும் படிப்பு முடிவதில்லை. எங்கள் பக்டறியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரைச் சில வருடத்துக்கு ஒருமுறை வகுப்புக்கு அனுப்புவது போல, அவர்களும் தொடர்ந்து படித்துக் கணக்குக் காட்டவேண்டும்.

படித்ததோடு அவர்கள் நிற்கவுமில்லை. 2012 ஜூன் 30இல் அரசாங்கம் அகதிகளின் மருத்துவ உதவியை வெட்டியது. அகதிக் கோரிக்கையாளர் பலருக்கு இன்சுலின்கூட நின்றது. மருந்து நின்றால் அந்த ஆள் கடைசியில் எமேர்ஜென்சிக்குத்தான் வந்து சேருவார் என்று வைத்தியர்களுக்குத் தெரியும். ரொறன்ரோ டொக்டர்மாரான பிலிப் பேர்கர், மெப் ரஷீத் ஆகியோர் அகதிகளின் சுகநலத்துக்கென வைத்தியர் அமைப்பொன்றைத் தொடங்கினார்கள். அந்த மே மாதம் வெள்ளைக் கோட்டுடன் டொக்டர்மார் ஓர் அமைச்சரின் ரொறன்ரோ அலுவலகத்துக்குள் போய் இருந்துகொண்டார்கள். சோதனை வைக்கும் றோயல் கல்லூரியும் குடும்ப வைத்தியர் கல்லூரியும் வெட்டை எதிர்த்தன. வழக்கு நடந்து, 2014 ஜூலை 4இல் சமஷ்டி நீதிமன்ற நீதிபதி ஆன் மக்ரவிஷ் அந்த வெட்டு கொடூரமானது, அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்ப்பளித்தார். 2016 ஏப்ரல் 1இல் உதவி முழுமையாகத் திரும்பி வந்தது. அந்தத் திட்டத்தின் விதிகள் காலத்துக்குக் காலம் மாறும். மருந்து, பல் வைத்தியம் பற்றிச் செட்டில்மென்ட் அலுவலகத்தில் கேட்டு வைத்திருங்கள்.

நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், கைகால் இழுத்தல் என்றால் பில்லை நினைத்துத் தயங்காமல் 911ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் 'ரமில்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஆள் எடுத்துத் தருவார்கள். ஒன்ராறியோ ஹெல்த் காட் உள்ளவருக்கு, தேவைப்பட்டு ஏறிய அம்புலன்சுக்கு 45 டொலர்தான் பில் வரும். காய்ச்சல், தடிமன் போன்றவற்றுக்கு இரவில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 811. அதில் தாதி ஒருவர் இலவசமாக ஆலோசனை சொல்வார், அங்கும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.